முட்டையும் பாலும் நீங்கிய பிஸ்கோத்து

நோன்பு நோற்போர்க்குப் பசியை வெல்லுதல் அத்துணை அரிதன்று. நண்பர் இல்லத்து உணவுமேசையைக் கடந்து வருதலே அரிது. தட்டில் வைத்து நீட்டப்படும் பலகாரத்தை ஒருவர் மறுக்கும்போது, மறுக்கப்படுவது பண்டமா, அதைச் செய்தவரின் அன்பா என்னும் ஐயம் இரு பக்கத்தார் மனத்திலும் எழுகிறது. திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலிலும் புலான் மறுத்தலைத் துறவறவியலிலும் வைத்தார். நூலில் அவை தள்ளி நிற்கலாம். அடுக்களையில் நிற்பவர்க்கு இரண்டும் ஒரே வேளையில் வந்து நிற்கின்றன. கொள்கை உடையவர் தம் கொள்கைக்கேற்ற பண்டத்தைத் தாமே செய்து நண்பர்க்கு அளிப்பதே இச்சிக்கலிலிருந்து மீளப் பலரும் கண்ட வழி. முட்டை, பால், வெண்ணெய் ஆகிய மூன்றும் இல்லாமல் வீட்டில் சுடப்படும் பிஸ்கோத்து அவ்வாறு பிறந்த பண்டங்களுள் ஒன்று. சிறிய பண்டந்தான். எனினும் அதன் வரலாறு மருந்துக்கடை, போர்க்களம், சத்தியாக்கிரகப் பண்ணை எனப் பல இடங்கள் வழியே வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் பெயர். பிஸ்கோத்து என்று தமிழர் நாவில் நிலைத்த சொல் போர்ச்சுக்கீசியர் வழியே வந்தது. அதன் இலத்தீன் மூலத்துக்கு ‘இருமுறை சுட்டது’ என்பது பொருள். இப்பொருளையே தழுவி ‘ஈரட்டி’ என்னும் ஆக்கச்சொல்லும் தமிழில் வழங்குகிறது. அடுதல் என்னும் பழைய வினை அதனுள் உயிரோடிருக்கிறது. அமெரிக்கர் வழங்கும் ‘குக்கீ’ என்பதோ ‘சிறு கேக்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லின் வழிவந்தது. கப்பலோட்டிகளும் படைவீரரும் மூட்டை கட்டிச் சென்ற பழைய பிஸ்கோத்தில் மாவும் நீரும் உப்புமே இருந்தன. முட்டை கிடையாது, பால் கிடையாது. கல்லைப் போன்ற அப்பண்டத்தை நண்பர்க்கு எவரும் விரும்பி அளித்திருக்க மாட்டார். வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த பின்னரே அது வீட்டு விருந்துக்குரிய இனிப்பாயிற்று. ஆகவே அவ்விரண்டையும் நீக்கிய பின்னும் மென்மையும் சுவையும் குன்றாமல் செய்வது எப்படி என்பதே பிற்காலத்தார் எதிர்கொண்ட வினா.

அவ்வினாவுக்கு முதலில் விடை தேடியவர் கொல்லாமைக் கொள்கையர் அல்லர். மனைவியின் உடல்நலம் கருதிய ஒரு கணவர். ஆல்பிரடு பேர்டு என்பவர் 1811-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். வேதியியல் பயின்று பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை நடத்தினார். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒவ்வாது; ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்டும் ஒவ்வாது. ஆங்கிலேயர் வீட்டில் இவ்விரண்டும் இன்றி இனிப்பேது, ரொட்டியேது? மருந்துப் பொடிகளை நிறுத்துக் கலந்து பழகிய கை, அடுக்களைப் பக்கம் திரும்பியது. 1837-இல் மக்காச்சோள மாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்டுப் பொடியைப் பேர்டு உருவாக்கினார். தம் வீட்டுக்கென்று செய்த அதை ஒருநாள் விருந்தினர்க்குத் தவறுதலாகப் பரிமாறிவிட, அவர்கள் சுவைத்துப் பாராட்டியதைக் கேட்ட பின்னரே அதை விற்கத் துணிந்தார் என்று சொல்லப்படுகிறது. கதை எவ்வளவு மெய்யோ, அக்கஸ்டர்டு இன்றும் அவர் பெயரிலேயே விற்கப்படுகிறது என்பது மெய். அப்பொடியைப் பாலில்தான் காய்ச்சவேண்டும். ஆதலின் இக்கட்டுரைப் பொருளுக்கு அது பாதிதான் உதவும்.

முழுமையாக உதவியது அவருடைய இரண்டாவது ஆக்கம். 1843-இல் பேர்டு பேக்கிங் பவுடரைச் செய்தார். சமையல் சோடாவையும் ஓர் உலர்ந்த அமிலப் பொடியையும் கலந்து, ஈரம் பட்டு அவை முன்னதாகவே வினைபுரியாதபடி இடையே மாவுப்பொருளைச் சேர்ப்பது அதன் அமைப்பு. நீர் பட்டதும் கரியமில வாயு எழுந்து மாவைப் பொங்கச் செய்யும். நுண்ணுயிர் எதுவும் பெருகவேண்டியதில்லை. இரவு முழுதும் புளிக்கவைக்கவேண்டியதில்லை. புளித்த மாவையும் ஈஸ்டையும் தவிர்க்கும் சமணக் குடும்பங்கள் இதன் அருமையை உடனே உணர்வர். எலிசபெத்துக்கென்று செய்யப்பட்ட பொடி பின்னர்க் கிரிமியப் போர்க்களத்துப் படைவீரர்க்குப் புதிய ரொட்டி அளிக்கவும் பயன்பட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடத்தல் ஆகாது. அமெரிக்காவில் ஈபன் ஹார்ஸ்போர்டு என்னும் வேதியியல் பேராசிரியர் 1856-இல் உரிமம் பெற்ற முறையில், பேக்கிங் பவுடருக்குரிய அமிலப் பொருள் விலங்கின் எலும்பிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னாளில் கனிமப் பாறையிலிருந்து எடுக்கும் முறை வந்து எலும்பை விலக்கியது. முட்டையைத் தவிர்க்க ஒரு பொடி, அப்பொடிக்குள் எலும்பு! சர்க்கரைக்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. மேலைநாட்டு ஆலைகள் பலவற்றில் சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரி பயன்பட்டது; இந்திய ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை அவ்வேலையைச் செய்கிறது. உணவு எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்து ஏற்கும் ஏஷணா சமிதியைச் சமண முனிவர்க்கு விதித்த முன்னோர், மாவின் வடிவில் வரும் தீங்கை முன்னரே நினைத்திருந்தனர் போலும்.

முட்டையும் பாலும் வெண்ணெயும் இல்லாத கேக் என்ற பெயரோடே சமையற் குறிப்புகள் பெருகியது முதல் உலகப்போர்க் காலத்தில். அமெரிக்க வீடுகளில் அதைப் ‘போர்க் கேக்’ என்றனர். உலர்திராட்சையைச் சர்க்கரையோடும் மணப்பொருள்களோடும் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, மாவும் சோடாவும் கலந்து சுடுவர். படைக்கு அனுப்பவேண்டிய பொருளை வீட்டில் மிச்சப்படுத்துவது நோக்கம். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலும் இதே முறை ஏழை வீடுகளைக் காத்தது. தாவர உணவாளர் சிலர் இக்குறிப்புகளைத் தம் முன்னோரின் சொத்தாகக் கொண்டாடுவதுண்டு. அது முற்றும் பொருந்தாது. வெண்ணெய் இல்லையென்ற இடத்தில் பன்றிக்கொழுப்பை இட்ட குறிப்புகளே அவற்றுள் பல. இல்லாமையால் விடுவதும் அருளால் விடுவதும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும், மாற்றுப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கிரேக்க வைதிகக் கிறித்தவர் கிறிஸ்துமசுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பை ஒட்டி ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் கொண்டு சுடும் பிஸ்கோத்திலும் முட்டையோ வெண்ணெயோ இல்லை. ஆனால் சுட்டபின் அதைத் தேன்பாகில் நனைக்கின்றனர். அவரவர் விலக்கு அவரவர்க்கு.

அருளை முன்னிட்டுப் பாலையும் முட்டையையும் விலக்கிய அடுக்களை நூல், 1910-இல் இலண்டனில் வெளிவந்தது. ரூபர்ட் வெல்டன் எழுதிய அந்நூலின் பெயர் ‘விலங்குணவு வேண்டா’ என்று தமிழாகும். கொள்கை விளக்கத்தோடு நூறு சமையற் குறிப்புகளும் அதில் அடங்கியுள்ளன. பிரித்தானியாவில் இவ்வகையில் முதல் நூலாக அது கருதப்படுகிறது.

அதே 1910-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் வேறோர் அடுக்களை தொடங்கிற்று. ஹெர்மன் கல்லன்பாக் என்னும் செருமானியக் கட்டடக் கலைஞர் தமக்குச் சொந்தமான ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காகக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்றோரின் மனைவியரும் மக்களுமாகத் தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் எனப் பலரும் அங்கு வாழ்ந்தனர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர் அனைவர்க்கும் ஒரே அடுப்பில் சமையல். புலால் உண்ணும் வழக்கமுடையோர்க்கும் அது சமைக்கப்படுமா என்னும் வினா எழுந்தபோது, அவர்கள் தாமாகவே சைவ உணவுக்கு இசைந்தனர். கையால் சுழற்றும் திரிகையில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டனர். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்போல் ஆக்கித் தடவிக்கொண்டனர். கடையில் வாங்கும் வெண்ணெயைவிட அதன் செலவு பன்மடங்கு குறைவு. நண்பர்க்காக வீட்டில் சுடும் தாவரப் பண்டத்தின் வரலாற்றில் தமிழ்க் கைகள் பட்ட இடம் இது. அப்பெண்டிரின் கைப்பக்குவத்தை விரித்துரைக்கும் குறிப்புகள் இன்னும் மிகுதியாகக் கிடைத்திருப்பின் எத்துணை நன்றாக இருந்திருக்கும்!

இப்பண்ணையிலேதான் 1912-இல் காந்தியடிகளும் கல்லன்பாக்கும் பாலை விட்டனர். அதற்கு வித்திட்டவர் ஒரு சமணர். பம்பாயில் மணிவணிகம் செய்துகொண்டே ஆன்ம விசாரத்தில் ஆழ்ந்திருந்த ஸ்ரீமத் ராஜசந்திரரை 1891-இல், இலண்டனிலிருந்து திரும்பிய உடனே காந்தியடிகள் சந்தித்தார். பால் புலன்களைக் கிளறும் என்பதை முதன்முதல் ராய்சந்த்பாயிடமிருந்தே அறிந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். ராஜசந்திரர் 1901-இல், தம் முப்பத்து நான்காம் வயதை எட்டுமுன்னரே மறைந்தார். வித்து முளைக்கப் பதினொரு ஆண்டுகள் சென்றன. கல்கத்தாவில் பசுக்களும் எருமைகளும் கறப்பதற்காகத் துன்புறுத்தப்படும் கொடுமையை விளக்கும் வெளியீடுகளைப் படித்தது உடனடிக் காரணமாயிற்று. பின்னர் 1918-19-இல் உடல் நலிந்து உயிருக்கே இடர் வந்தபோது, பால் விரதம் பசுவையும் எருமையையும் எண்ணிச் செய்யப்பட்டதே என்று கஸ்தூரிபா எடுத்துக்காட்ட, ஆட்டுப்பாலை ஏற்றார். சொல் காக்கப்பட்டது, உட்கருத்து சிதைந்தது என்ற வருத்தம் அவரை விடவேயில்லை. அவ்வருத்தத்தை மறைக்காமல் எழுதிவைத்ததை அவர் பெருமைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

பாலும் முட்டையும் தவிர்க்கும் நெறிக்கு இங்கிலாந்தில் பெயர் வந்தது 1944-இல். டொனால்டு வாட்சன் 1910-இல் யார்க்ஷயரில் ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். தச்சு வேலை கற்பிக்கும் பள்ளி ஆசிரியர். சிறுவனாயிருந்தபோது தம் மாமன் பண்ணையில் ஒரு பன்றி கொல்லப்படுவதைக் கண்டு அதன் ஓலம் மறவாதவராய், பதினான்காம் வயதில் புத்தாண்டு உறுதிமொழியாகப் புலாலை விட்டார். இரண்டாம் உலகப்போரில் மனச்சான்று காரணமாகப் படையில் சேர மறுத்தார். பின்னர்ப் பாலும் முட்டையும்கூடக் கொலையோடு பிணைந்தவையே என்று தெளிந்து, ஒத்த கருத்துடைய சிலரோடு 1944 நவம்பரில் புதிய சங்கம் ஒன்றை அமைத்தார். முதற் கூட்டத்தில் இருந்தோர் ஆறு பேர். ‘வெஜிடேரியன்’ என்னும் சொல்லின் முதல் மூன்று எழுத்தும் கடை இரண்டு எழுத்தும் சேர்த்து ‘வீகன்’ என்று பெயரிட்டனர். சைவ உணவின் தொடக்கமும் முடிவும் அதுவே என்று அப்பெயருக்கு விளக்கம் தந்தனர். தமிழில் அதனை நனிசைவம் என்கின்றனர், நல்ல சொல்லாக்கம்.

காலமோ பங்கீட்டுக் காலம். 1940 சனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள் வந்தன. காலத்துக்குக் காலம் மாறிய அளவில், ஒருவர்க்கு வாரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 56 கிராம் வெண்ணெய், 113 கிராம் மார்கரின், 227 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை. சைவ உணவாளராகப் பதிந்துகொண்டோர்க்கு இறைச்சிப் பங்குக்கு மாற்றாகக் கூடுதல் பாலாடைக்கட்டி கிடைத்தது. நனிசைவர்க்கு அதுவும் வேண்டாப் பொருள். முட்டைப் பங்கு மறுத்தவர்க்கு இழப்பு பெரிதன்று. நாடே முட்டையின்றிச் சுடக் கற்றுக்கொண்டிருந்தது. அரசின் உணவு அமைச்சகமே கேரட்டையும் உருளைக்கிழங்கையும் துருவி மாவில் சேர்க்குமாறு வீடுதோறும் குறிப்புகளைப் பரப்பிற்று. (கிழங்கு தவிர்ப்போர்க்கு அக்குறிப்புகளால் பயனில்லை என்பது வேறு செய்தி.)

நனிசைவரை உண்மையில் வாட்டியது கொழுப்புச் சிக்கல். பிஸ்கோத்தின் இயல்பை அறிந்தார்க்கு இது வியப்பளிக்காது. கேக் உப்புதற்கும் நிற்பதற்கும் முட்டையை நம்பியிருக்கிறது. பிஸ்கோத்தோ மாவும் கொழுப்பும் சர்க்கரையும் இருந்தால் நின்றுவிடும். வாயில் இட்டதும் பொரிந்து கரையும் தன்மை கொழுப்பினாலே வருவது. வெண்ணெய்க்கு மாற்றென வந்த மார்கரின் 1869-இல் பிரெஞ்சு வேதியியலார் மேஜ்-மூரியே கண்டது. மூன்றாம் நெப்போலியன் அறிவித்த பரிசுக்காக அவர் செய்த அப்பொருளின் மூலம் மாட்டுக்கொழுப்பு. 1902-இல் செருமானியர் வில்ஹெல்ம் நார்மன் எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டிப்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் தாவர எண்ணெய் மார்கரினாயிற்று. உடன் திமிங்கில எண்ணெயும் மார்கரினாயிற்று! போர்க்காலத்தில் மக்கள் நலங்கருதி மார்கரினில் சேர்க்கப்பட்ட ஏ, டி உயிர்ச்சத்துகளும் மீனெண்ணெய் வழி வந்தவையே. பசுவை விட்டவர் தட்டில் திமிங்கிலமும் மீனும் ஒளிந்திருந்தன. இந்நிலையில் ஒருவர் கொட்டைகளின் கொழுப்பைத் தேடிப் பெற்று, பங்கீட்டுச் சர்க்கரையைச் சேமித்து, ஓர் ஈடு பிஸ்கோத்து சுட்டு நண்பரை அழைத்துத் தேநீர் அளித்தார் எனில், அதன் அருமையை இன்றைய நிறைந்த கடைவீதியிலிருந்து அளத்தல் இயலாது. 1946-இல் பே ஹெண்டர்சன் என்னும் பெண்மணி வெளியிட்ட ‘வீகன் சமையற் குறிப்புகள்’ என்னும் நூல் இத்தகைய வீடுகளுக்கே எழுதப்பட்டது. வீகன் என்னும் பெயர் தாங்கிய தொடக்ககாலச் சமையல் நூல்களுள் அது ஒன்று.

வரலாறு எழுதுவோர் இன்னொன்றையும் எழுதவேண்டும். தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காத பி-12 உயிர்ச்சத்து 1948-இல்தான் தனித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன் உறுதியோடு நின்றோர், தம் உணவில் இல்லாதது இன்னதென்று அறியாமலே நின்றனர். நனிசைவம் கடைப்பிடிப்போர் இன்று அச்சத்தை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ தவறாமல் கொள்ளவேண்டும் என்பதில் மருத்துவர்க்கும் நனிசைவ அமைப்புகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வாட்சன் 2005-இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார்.

இந்திய மண்ணில் பிஸ்கோத்து வேறு வழியில் வந்தது. டச்சுக்காரர் சூரத்தில் வாணிபம் செய்த காலத்தில் நடத்திய அடுமனை ஒன்று பின்னர்ப் பார்சி ஒருவர் கைக்கு மாறிற்று என்றும், ஊரார் ஏற்கும்படி கள்ளையும் முட்டையையும் நீக்கிச் செய்யப்பட்டதே நான்கட்டாய் என்றும் அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. பெயரின் முற்பகுதி ரொட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். பிற்பகுதியைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கதையின் விவரங்கள் எவ்வாறாயினும், மாவும் சர்க்கரையும் நெய்யும் கொண்டு முட்டையின்றிச் செய்யப்படும் நான்கட்டாய், குஜராத்திய சமண, வைணவ வீடுகளில் தயக்கமின்றி நுழைந்தது. வீட்டில் அவன் அடுப்பு இல்லாத காலத்தில் மாவையும் நெய்யையும் தாமே எடுத்துச்சென்று தெருமுனை அடுமனையில் கண்முன்னே சுடுவித்துத் தகரப்பெட்டியில் நிரப்பிவரும் வழக்கம் வடநாட்டுக் குடும்பங்களில் இருந்தது. என்ன சேர்ந்தது, என்ன சேரவில்லை என்பதற்கு வீட்டாரே சாட்சி. தமிழ் வீடுகளிலோ தட்டை, முறுக்கு, அதிரசம் என மாவுப் பலகாரங்கள் முட்டையை என்றுமே அறிந்ததில்லை. பிஸ்கோத்து கடைப்பண்டமாகவே நெடுங்காலம் இருந்தது. பின்னர்க் குக்கரின் அடியில் மணலையோ உப்பையோ பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடும் உத்தி மங்கையர் இதழ்கள் வழியும் அண்டைவீட்டார் வழியும் பரவிற்று.

1937-இல் டால்டா விற்பனைக்கு வந்தது. நெய் வாங்க வசதியற்றோர்க்கு அது நெய்போல் உதவியது. பாலே கலவாத கெட்டிக் கொழுப்பு என்பதால் முட்டையும் பாலும் இல்லாப் பிஸ்கோத்துக்கும் வழி திறந்தது. ஆயின் எண்ணெயை அவ்வாறு கெட்டிப்படுத்துகையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு பயப்பது எனப் பின்னாளில் தெளிவாயிற்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் அளவை 2022 சனவரி முதல் நூற்றுக்கு இரண்டாகக் குறைத்தது. தேங்காயெண்ணெயும் வேர்க்கடலை விழுதும் இன்று மீண்டும் அவ்விடத்தைப் பெற்று வருகின்றன. டால்ஸ்டாய் பண்ணையினர் செய்ததும் இதுவே.

சமண மரபில் பால் விலக்கப்பட்டதன்று; இதனைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். ஆயின் மது, ஊன், தேன் ஆகியவற்றோடு வெண்ணெயையும் சேர்த்து நான்கு பெருவிலக்குகளாக வைத்தது அம்மரபு. கடைந்தெடுத்த சிறுபொழுதில் வெண்ணெயில் நுண்ணுயிர் தோன்றும் என்பது காரணம். உருக்கிய நெய்க்கு அவ்விலக்கு இல்லை. சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கு வகுத்த எட்டு மூலகுணங்களுள் தேன் நீக்கமும் ஒன்று. தேனை விலக்குவதா வேண்டாவா என்று இங்கிலாந்து நனிசைவர் இருபதாம் நூற்றாண்டில் பல காலம் நிலைமாறி நின்றதை நோக்க, அம்முன்னோரின் தொலைநோக்கு விளங்கும். முட்டையில்லை என்னும் பச்சைப் புள்ளியை மட்டும் நம்பி வாங்கும் கடைப் பிஸ்கோத்தில் வெண்ணெயோ தேனோ இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

பாலைப் பற்றிய வினா சமண இல்லங்களுக்குள்ளேயே இப்போது எழுந்துள்ளது. கன்று உண்ட மிச்சத்தைக் கறந்த தொழுவம் வேறு. ஆண்கன்றைச் சுமையெனக் கழித்து, கறவை வற்றிய பசுவை விற்றுவிடும் பண்ணை வேறு. வட அமெரிக்கச் சமணர் சிலர் 1990-களிலேயே இதனைப் பேசத் தொடங்கினர். பேரப்பிள்ளைகள் கேட்கும் இக்கேள்விக்கு, மரபில் விலக்கில்லை என்பது மட்டுமே விடையாகாது. மரபு கண்ட பசு இன்றைய பண்ணையில் இல்லை. அதே வேளையில், நெய்விளக்கும் பாற்சோறும் கொண்டு வளர்ந்த மூத்தோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் அகிம்சையாகாது. இருசாராரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துண்ணத்தக்க ஒரு பண்டத்தை வீட்டில் சுட்டு வைத்தல், வாதத்துக்கு முன்னே செய்யத்தக்கது.

அதனைச் செய்வதும் எளிது. கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், தேங்காயெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. பச்சை இஞ்சியைத் தவிர்ப்போர்க்கும் உலர்ந்த சுக்கு ஆகும். எண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைக் கலந்து, திரண்டுவரும் அளவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் தெளித்துப் பிசையவேண்டும். சப்பாத்தி மாவுபோல் அழுத்திப் பிசைந்தால் கடினமாகிவிடும். சிறு வட்டங்களாகத் தட்டி 170 பாகை வெப்பத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுடலாம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகுவது. மார்கழியில் வெண்ணெய்போல் உறைந்திருக்கும், சித்திரையில் நீராய் ஓடும். வெயிற்காலத்தில் தட்டிய வட்டங்களைச் சுடுமுன் சற்றுக் குளிரவைக்காவிடில் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எடுத்த சூட்டில் மெத்தென்று இருப்பதைக் கண்டு வேகவில்லை எனத் திரும்ப உள்ளே வைப்போர் உண்டு. ஆறியபின்னரே அது மொறுமொறுப்பாகும்.

மாவை இறுகப் பிணைக்கும் பொருள் வேண்டுவோர், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் குழைத்து ஒரு முட்டைக்கு ஈடாகச் சேர்க்கின்றனர். மிக அண்மையில் வந்த உத்தி இன்னும் சுவையானது. 2014-இல் பிரான்சு நாட்டு இசைப்பாடகர் ஜோயல் ரோசெல், பயறு வேகவைத்த நீரை அடித்தால் முட்டை வெண்கருபோல் நுரைக்கும் என்று கண்டார். அடுத்த ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் கூஸ் வோல்ட், கொண்டைக்கடலை நீரும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து நிலையான நுரையினிப்பைச் செய்துகாட்டி, இலத்தீனில் ‘பயற்றுநீர்’ எனப் பொருள்படும் ‘அக்வாபாபா’ என்னும் பெயரை அதற்கு இட்டார். முட்டை வெண்கருவையும் முந்திரியையும் கொண்டு செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூனைக்கூட இந்நீரால் செய்துபார்க்க முயல்வோர் இன்று உளர். நவராத்திரிச் சுண்டலுக்காகக் கொண்டைக்கடலையை வேகவைத்து வடிக்கும் தமிழ் வீடுகளில், அந்நீர் ரசத்துக்குப் போகும். இல்லையேல் துளசிமாடத்துச் செடிக்குப் போகும்.